பஞ்சு, பிளக், மஃப்: காதுக்குள் ‘ங்கொய்’ வராமலிருக்க எதற்குக் காசு கொடுக்கலாம்?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். காது இரைச்சலைத் தடுக்க மதுரையில் கிடைக்கும் சரக்குகளில், கொடுத்த காசுக்கு மேல் உழைப்பது, காதுக்குள் சொருகுகிற நுரை இயர் பிளக் ஒன்றுதான். ஜோடி பத்து ரூபாயிலிருந்து முப்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். இருபது மடங்கு விலை கொடுத்து வாங்கும் இயர் மஃப், அதாவது ஹெட்போன் மாதிரி காதை வெளியிலிருந்து மூடும் கிண்ணம், சில இடங்களில் அதை ஜெயிக்கும், பல இடங்களில் தோற்கும். பஞ்சு எங்கேயும் ஜெயிக்காது. மெடிக்கலில் தரும் மாத்திரை, சொட்டு மருந்து, பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் எல்லாம் இரைச்சல் வந்த பிறகு தேடுகிறவை. அவற்றைப் பிறகு பார்ப்போம்.

ஒரே நிபந்தனை, நுரை பிளக்கைக் காதில் வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் வைத்தால் அதுவும் பஞ்சுதான்.

உள்காதில் நத்தை மாதிரிச் சுருண்டிருக்கும் காக்லியாவுக்குள், காதுக்கு ஏறக்குறைய 15,000 மயிர்ச்செல்கள் உண்டு. ஒலியின் அதிர்வை நரம்புக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது அவைதான். அளவுக்கு மிஞ்சிய சத்தத்தில் முதலில் களைத்துப்போகின்றன; ஓய்வு கிடைத்தால் தேறிக்கொள்கின்றன. திருவிழாவுக்குப் போய்விட்டு வந்த ராத்திரி காதில் ‘ங்கொய்’ என்று கேட்டு விடிவதற்குள் நின்றுவிட்டால், அது இந்தக் கட்டம். நின்றுவிட்டதே என்று அதை விட்டுவிடக் கூடாது. அது ஒரு எச்சரிக்கை. திரும்பத் திரும்ப அடி விழுந்தால் செல் செத்துப்போகும். அழகர்கோவிலில் மொட்டை போட்டு வந்தால் மூன்று மாதத்தில் வளர்ந்துவிடுகிற முடி அல்ல இது. போனது போனதுதான். பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் (சுருதியின் உயரத்தை அளக்கும் அலகு) பக்கத்து உயர்ந்த சுருதியைக் கேட்கும் செல்கள் முதலில் போகும். அந்தச் சுருதி காதிலிருந்து வருவது குறைந்ததும், மூளை தன் பங்குக்கு வால்யூமைக் கூட்டித் தேடுகிறது. அந்தத் தேடலே விசிலாக, வண்டாக, குக்கர் ஆவியாகக் கேட்கிறது என்பதுதான் இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

இரைச்சலுக்குச் சத்தம் மட்டும் காரணமில்லை. வயது, குறும்பி அடைப்பு, நடுக்காதில் சீழ், தாடை மூட்டுக் கோளாறு, ரத்த அழுத்தம், ரத்தசோகை என்று பட்டியல் நீளும். அதிக அளவில் ஆஸ்பிரின், காசநோய்க்கு முன்பு பரவலாகப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின், அமிகாசின் ஊசிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின் ஆகியவையும் காதைத் தொடும். இந்த ஊசிகள் போடும் காலத்தில் காதில் சத்தம் கேட்டால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது. ஆனால் கடையில் ஒரு பொருளை வாங்கி மாட்டித் தடுக்கக்கூடிய காரணம் என்று பார்த்தால் சத்தம் ஒன்றுதான். அதனால் இனி அதைப் பற்றியே.

எவ்வளவு சத்தம் ஆபத்து? அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நயோஷ் சொல்லும் கணக்கு நினைவில் வைக்க எளிது. 85 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 94-க்கு 1 மணி, 100-க்கு வெறும் 15 நிமிடம். நம் தொழிற்சாலைச் சட்ட விதிகள் இன்னும் தாராளம். 90 டெசிபலில் 8 மணி நேரம் வேலை பார்க்க விடுகின்றன. காதுக்கு எந்த நாட்டுச் சட்டமும் தெரியாது என்பதால், 85-ஐயே எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. மீட்டர் வேண்டியதில்லை. கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது என்றால், அந்த இடம் 85-ஐத் தாண்டியாயிற்று. செல்லூரில் தறி ஓடும் கூடம், கப்பலூர் சிட்கோவில் கிரைண்டர் பிடிக்கும் பட்டறை, மர மில், மேலூர்ப் பக்கம் கிரானைட் பலகை அறுக்கும் கூடம், பாத்திரம் அடிக்கிற பட்டறை, கல்யாண மண்டபத்தில் செண்டை மேளத்துக்கு முன் வரிசை. எங்கேயும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம்.

நுரை பிளக்

வெளி வீதிகளில் உள்ள ஹார்டுவேர் கடையிலோ, வெல்டிங் சாமான் கடையிலோ போய், “காதுக்கு வைக்கிற பிளக் இருக்காண்ணே?” என்று கேட்டால், “கயிறு வச்சதா, வெறும் பிளக்கா?” என்று திருப்பிக் கேட்பார்கள். யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது. அடிக்கடி கழற்றி மாட்டுகிற வேலை என்றால் கயிறு வைத்தது தேவலை. கழுத்தில் தொங்கும், மண்ணில் விழாது. சுற்றுகிற மிஷின் பக்கம், அதாவது லேத், டிரில், தறி என்றால் கயிறு வேண்டவே வேண்டாம். மாட்டி இழுத்தால் காதோடு போகாது, கழுத்தையும் கேட்கும்.

அடுத்து பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். என்.ஆர்.ஆர். அல்லது எஸ்.என்.ஆர். என்று மூன்று ஆங்கில எழுத்தும், பக்கத்தில் எத்தனை டெசிபல் குறைக்கும் என்று காட்டும் ஒரு எண்ணும் இருக்க வேண்டும். பரவலாகக் கிடைக்கும் த்ரீ எம் 1100 என்ற ஆரஞ்சு நிறத் தோட்டா வடிவப் பிளக்கில் என்.ஆர்.ஆர். 29 என்று இருக்கும். அதன் கயிறு வைத்த தம்பி 1110. எண் எதுவும் இல்லாமல் பிளாஸ்டிக் கவரில் உதிரியாக வரும் பிளக்குகளை விலை குறைவு என்று வாங்காதீர்கள். சிலது பார்க்க அதே மாதிரி இருக்கும். விரலில் நசுக்கி விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல நுரை சோம்பலாக எழும், பழைய உருவத்துக்கு வர அரை நிமிடம்கூட எடுத்துக்கொள்ளும். மட்டமான நுரை ஸ்பாஞ்சு மாதிரி உடனே துள்ளி எழும். துள்ளி எழுகிறது காதுக்குள் போவதற்குள் விரிந்து வாசலிலேயே நின்றுகொள்ளும்.

வைக்கும் முறை இது. கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கையில் பிளக் உருளாது, அழுக்கு நேரே காதுக்குள் போகும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெதுவாக உருட்டி, ஊதுபத்தியைவிடச் சற்றுத் தடிமனாக, மடிப்பு விழாமல் ஒரு குச்சி மாதிரி ஆக்குங்கள். மடிப்பு விழுந்தால் அந்த மடிப்பு வழியே சத்தம் உள்ளே போகும். எடுத்துவிட்டு மறுபடி உருட்ட வேண்டியதுதான். வலது காதுக்கு வைக்கிறீர்கள் என்றால் இடது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் வலது காது மடலை மேலும் பின்னும் இழுங்கள். காதுக்குழாய் நேர்க்கோடு இல்லை, வளைவு உண்டு, இழுத்தால்தான் நிமிரும். இழுத்த நிலையில் பிளக்கை உள்ளே விட்டு, விரல் நுனியால் 20 முதல் 30 விநாடி தாங்கிப் பிடியுங்கள். இந்த அரை நிமிடத்தைத்தான் எல்லாரும் தவிர்க்கிறார்கள். விரலை எடுத்ததும் நுரை பின்னோக்கித் தள்ளிக்கொண்டு வெளியே வருவது அதனால்தான்.

சரியாக வைத்ததற்கு மூன்று அடையாளம். கண்ணாடியில் நேராகப் பார்த்தால் பிளக்கின் முனை காதுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. உங்கள் குரல் குடத்துக்குள் பேசுகிற மாதிரி உங்களுக்கே கேட்க வேண்டும். சத்தமான இடத்தில் இரண்டு உள்ளங்கையையும் காதின் மேல் இறுக்கி வைத்துப் பாருங்கள். சத்தம் மேலும் நன்றாகக் குறைந்தால் பிளக் சரியாக அடைக்கவில்லை. வித்தியாசம் தெரியாவிட்டால் சரி. எடுக்கும்போது சட்டென்று இழுக்காமல், திருகிக்கொண்டே மெதுவாக எடுங்கள். இறுக்கமாக அடைத்த காதில் வெடுக்கென்று இழுத்தால் செவிப்பறை வலிக்கும்.

பாக்கெட்டில் போட்ட 29 அப்படியே உங்கள் காதில் கிடைக்காது. அது ஆய்வுக்கூடத்தில், தெரிந்தவர்கள் வைத்துப் பார்த்த எண். அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்புத் துறையான ஓஷா பரிந்துரைக்கும் கணக்கு, அந்த எண்ணிலிருந்து 7-ஐக் கழித்து மீதியைப் பாதியாக்குவது. 29 கழித்தல் 7, 22. அதில் பாதி 11. மர மில்லில் 100 டெசிபல் என்றால், பிளக் வைத்த காதுக்கு ஏறக்குறைய 89. பிளக் இல்லாமல் 15 நிமிடம் தாங்கும் காது இப்போது மூன்று மணி நேரம் தாங்கும். பத்து ரூபாய்க்கு இது பெரிய லாபம். முழு நாளும் நிற்பவருக்குப் போதாது என்பதும் அதே கணக்கில் தெரிகிறது; அவர் நன்றாக வைத்துப் பழக வேண்டும், அல்லது மஃப்பையும் சேர்த்து மாட்ட வேண்டும்.

அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. எவ்வளவு ஒஸ்தியான பிளக்காக இருக்கட்டும், சத்தம் இருக்கும் நேரத்தில் பாதி நேரம் கழற்றி வைத்தால் கிடைக்கும் மொத்தப் பாதுகாப்பு 3 டெசிபலுக்கு மேல் இல்லை. எட்டு மணி நேரத்தில் அரை மணி நேரம் மட்டும் கழற்றினாலும் உச்சவரம்பு 12 டெசிபல். போன் பேச, டீ வாங்கிவரச் சொல்ல, மேஸ்திரி கூப்பிட்டார் என்று மிஷின் ஓடும்போதே கழற்றுகிறவர்களுக்கு 33 போட்ட பிளக்கும் 20 போட்ட பிளக்கும் ஒன்றுதான். பேச வேண்டியிருந்தால் கூடத்துக்கு வெளியே வந்து கழற்றுங்கள்.

குறைகளும் உண்டு. நுரை பிளக் ஒரு நாள், இரண்டு நாள் சமாச்சாரம். அழுக்குப் பிடித்ததை, நசுக்கினால் எழாததைத் தூக்கிப் போட வேண்டும். நம் ஊர் வெயிலில், வியர்வையில் ஊறிய பிளக்கையே வாரக்கணக்கில் வைத்தால் காதுக்குழாயில் காளான் பிடிக்கும். அரிப்பும் அடைப்புமாக அதுவே ஒரு இரைச்சலைக் கொண்டுவரும். பெண்களில் பலருக்குக் காதுக்குழாய் குறுகல். வழக்கமான அளவு உள்ளே நிற்காது. சின்ன அளவு என்று கேட்டு வாங்க வேண்டும், பல கடையில் இருக்காது. காதில் சீழ் வடிகிறவர், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர் பிளக் பக்கமே போகக் கூடாது, அவர்களுக்கு மஃப்தான்.

அடுக்குக் குடை பிளக்

சிலிக்கான் மாதிரியான ரப்பரில் மூன்று குடை அடுக்கியது போல இருக்கும். உருட்ட வேண்டாம், அப்படியே சொருகலாம். எண்ணெய்க்கறை படிந்த கையோடு வேலை பார்க்கும் மெக்கானிக்குக் காம்பைப் பிடித்து வைக்க இதுதான் வசதி. சோப்புத் தண்ணீரில் கழுவி மாதக்கணக்கில் ஓட்டலாம். எண் நுரையைவிடக் குறைவு; த்ரீ எம் அல்ட்ராஃபிட்டில் 25. இதையும் மடலை இழுத்துத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசிக் குடை வெளியே நின்றுவிடும். ரப்பர் விறைத்துப்போனால் மாற்றிவிடுங்கள்.

இயர் மஃப்

இந்தியத் தயாரிப்பு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வெளிநாட்டுப் பிராண்டு ஆயிரத்தைத் தாண்டும். இதன் பெருமை ஒன்றே ஒன்று: தப்பாக மாட்டுவது கஷ்டம். அதனால் ஐந்து நிமிடம் கிரைண்டர் பிடித்துவிட்டு வைக்கிறவருக்கு, வந்துபோகிற சூப்பர்வைசருக்கு, சின்னப் பிள்ளைகளுக்கு இதுதான் சரி. ஜல்லிக்கட்டு வாடிவாசல் பக்கத்து ஸ்பீக்கருக்காகவோ தீபாவளி வெடிக்காகவோ குழந்தைகளுக்கு நுரை பிளக் கொடுக்கவே கூடாது. குழாய்க்குப் பொருந்தாது, வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து வேறு. குழந்தை அளவு மஃப் தனியாக வருகிறது.

பெரியவர்கள் முழு நாளும் மாட்டுவதென்றால் சித்திரை வெயிலில் பாடுதான். மெத்தைக்கு அடியில் வியர்வை தேங்கும், அரை மணியில் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். அப்புறம் மேலே சொன்ன பாதி நேரக் கணக்குதான். மூக்குக் கண்ணாடியின் காம்பு, தலையில் சுற்றிய துண்டு, காதோரம் வைத்த பூச்சரம் எதுவாக இருந்தாலும் மெத்தையைத் தூக்கிச் சந்து விடும். சில டெசிபல் அங்கேயே போய்விடும். மஃப்பைத் தலைக்கு மேலிருந்து நேராக இறக்கி, கிண்ணம் காது முழுவதையும் மூடி, மெத்தை தோலில் சுற்றிலும் படிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வாங்கும்போது பட்டையின் இறுக்கத்தையும் பாருங்கள். நாளாக ஆக பட்டை தளரும், வெயிலில் வைத்த மெத்தை கல்லாகும். மெத்தை மட்டும் தனியாக மாற்றக் கிடைக்கிற மாடலாக வாங்கினால் லாபம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம். மெத்தை கிடைக்காத மாடல் எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஒரு கோடையோடு சரி.

பிளக்கும் மஃப்பும் சேர்த்து மாட்டினால் இரண்டு எண்ணையும் கூட்டக் கூடாது. பெரிய எண்ணோடு ஏறக்குறைய 5 டெசிபல் சேரும், அவ்வளவுதான்.

வாத்தியம் வாசிப்பவர்களுக்கான பிளக்

தவில்காரருக்கும் பக்கத்தில் உட்காரும் நாகசுரக்காரருக்கும் நுரை பிளக் ஆகாது. அது மேல் சுருதிகளை அதிகமாக வெட்டி, கீழ்ச் சுருதிகளைக் குறைவாக வெட்டும். சொற்கட்டின் கூர்மை மங்கிவிட, கேட்கவில்லையே என்று இன்னும் ஓங்கி அடிக்கத் தோன்றும். சத்தம் எல்லாச் சுருதியிலும் ஒரே அளவு குறைந்து, வாசிப்பு வாசிப்பாகவே கேட்க வேண்டும் என்பதற்காகவே வந்தவை மியூசிஷியன் பிளக்குகள். எட்டிமோட்டிக் நிறுவனத்தின் ஈ.ஆர். 20 எல்லாச் சுருதியிலும் கிட்டத்தட்ட 20 டெசிபல் குறைக்கும். ஹார்டுவேர் கடையில் தேடிப் பயனில்லை, ஆன்லைனில்தான் வாங்க வேண்டும். காது அச்சு எடுத்துச் செய்யும் ஈ.ஆர். 15 வகை 15 டெசிபல் குறைக்கும். ஹியரிங் எய்டுக்கு அச்சு எடுப்பவர்களிடம் சொல்லிச் செய்யலாம், விலை ஆயிரங்களில். கச்சேரியும் முகூர்த்தமும்தான் பிழைப்பு என்கிறவருக்கு அது செலவு இல்லை, மூலதனம். பேண்டு செட், பறை, செண்டை வாசிப்பவர்களுக்கும் இதே சிபாரிசு.

மண்டபத்துக்கும் கோவிலுக்கும் போகிறவருக்கு இலவசமாக ஒரு வழி உண்டு: தூரம். திறந்தவெளியில் ஸ்பீக்கரிலிருந்து தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். 1 மீட்டரில் 110 என்றால் 4 மீட்டரில் 98, 16 மீட்டரில் 86. பாக்ஸுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காராமல் பத்தடி தள்ளி உட்கார்ந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மூடிய மண்டபத்தில் சுவர் எதிரொலிப்பதால் இந்த அளவுக்குக் குறையாது.

வெடி தனிக் கணக்கு. பட்டாசுக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பே, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல். அதற்குக் கிட்டத்தில் நின்றால் ஒரே வெடி போதும். வேட்டு போடுகிற ஆட்கள் பிளக், மஃப் இரண்டையும் மாட்ட வேண்டும்.

பஞ்சும் இயர்பட்ஸும்

பஞ்சு குறைப்பது ஐந்தாறு டெசிபல். மனசுக்குத்தான் தைரியம். போதாததற்கு நூல் உள்ளே மாட்டிக்கொள்ளும். காசு மிச்சம் என்று நினைக்கிறவர்கள் அதைத் தீபத்துக்கு வைக்கலாம்.

டவுன் ஹால் ரோட்டில் கூவி விற்கும், வெளிச்சத்தத்தைக் குறைக்கும் ‘நாய்ஸ் கேன்சலிங்’ இயர்பட்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. பஸ் இன்ஜின், ஏ.சி., மின்விசிறி மாதிரி தாழ்ந்த, சீரான சத்தத்தை அது நன்றாகக் குறைக்கும். சுத்தியல், வெடி, கிரைண்டர் போன்றவற்றுக்கு உதவாது. பாதுகாப்புக் கருவி என்ற சான்றும் அதற்குக் கிடையாது. ஆனால் ஆரப்பாளையத்தில் கோயம்புத்தூர் பஸ் ஏறிப் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறவருக்கு அது நிஜமாகவே நல்லது. இன்ஜின் சத்தத்தை அமுக்கப் பாட்டு வால்யூமைக் கூட்ட வேண்டியதில்லை. சாதா இயர்போனில் அதே பாட்டை மேலே மேலே ஏற்றிக்கொண்டே போவார்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். பிள்ளைகளுக்கு 75. பல போன்களில் இதைக் கணக்கிட்டு எச்சரிக்கும் வசதி இருக்கிறது. அமைப்புகளில் போய் ஆன் செய்யுங்கள்.

ஏற்கெனவே இரைச்சல் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ராத்திரி தூங்குவதற்காகப் பிளக் வாங்காதீர்கள். வெளிச்சத்தம் அடங்க அடங்க உள்சத்தம் எடுப்பாகக் கேட்கும். அவர்களுக்குத் தேவை மின்விசிறியின் காற்றுச்சத்தம், சன்னமாக வைத்த ரேடியோ, மழைச் சத்தம் மாதிரி ஏதாவது ஒன்று, இரைச்சலைவிடச் சற்றுத் தாழ்வாக. பைசா செலவில்லை.

மெடிக்கல் சரக்கு

குறும்பி அடைப்பால் வந்த இரைச்சலுக்குச் சொட்டு மருந்து வேலை செய்யும்; குறும்பியை இளக்கும் மருந்தை மூன்று முதல் ஐந்து நாள், பாட்டிலில் சொன்ன அளவில் விட்டால் போதும். செவிப்பறையில் ஓட்டை, சீழ், வலி இருந்தால் எந்தச் சொட்டும் கூடாது. அதனால் முதலில் ஒருவர் காதுக்குள் பார்த்துச் சொல்வது நல்லது. பட்ஸ் குச்சி குறும்பியை எடுப்பதில்லை, உள்ளே தள்ளி இடித்து வைக்கிறது. பலருக்கு அடைப்பே அதனால்தான். பஸ் ஸ்டாண்டு ஓரம் கம்பியால் காது குடைகிறவரிடம் தலையைக் கொடுக்காதீர்கள். ஆஸ்பத்திரியில் தண்ணீர் அடித்துக் கழுவினால் அந்தத் தண்ணீர் உடம்புச் சூட்டில், 37 டிகிரியில் இருக்க வேண்டும். குளிர்ந்தாலும் கொதித்தாலும் தலை சுற்றும்.

பூண்டெண்ணெய் இரைச்சலைக் குறைக்காது. சூடாக விட்டால் காதைச் சுட்டுவிடும். காது இரைச்சலுக்கு என்று மெடிக்கலில் எடுத்து நீட்டும் மாத்திரைகளில் பெரும்பாலானவை பீட்டாஹிஸ்டின், அல்லது ஜிங்கோ, துத்தநாகம், வைட்டமின் கலவைகள். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகத்தின் 2014-ம் ஆண்டு வழிகாட்டுதல், நீடித்த இரைச்சலுக்கு ஜிங்கோ, துத்தநாகம், மெலடோனின் பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொல்கிறது. பீட்டாஹிஸ்டின், உள்காதைத் தாக்கும் மெனியர் நோயின் தலைச்சுற்றலுக்குத் தரும் மருந்து. வெறும் இரைச்சலைக் குறைக்கும் என்பதற்குச் சான்றில்லை. அதே வழிகாட்டுதல் பரிந்துரைப்பவை இரண்டு: கேட்கும் திறன் குறைந்திருந்தால் ஹியரிங் எய்டு, இரைச்சல் தூக்கத்தையும் நிம்மதியையும் கெடுத்தால் மனநலப் பேச்சு சிகிச்சை. மாதா மாதம் மாத்திரைக்குப் போகும் காசை இதற்குச் சேர்த்து வைக்கலாம்.

கேட்புத்திறன் சோதனை

சோதனைக்குப் போகும் இடத்தையும் எடை போட வேண்டும். ஹியரிங் எய்டு விற்பவர்கள் ‘இலவச முகாம்’ என்று மண்டபத்திலோ கடை வாசலிலோ ஹெட்போன் மாட்டி எடுக்கும் சோதனையை நம்பி முடிவெடுக்காதீர்கள். மின்விசிறியும் தெருச்சத்தமும் கலந்தால் தாழ்ந்த சுருதிகளில் காது இருப்பதைவிட மோசமாகத் தெரியும். விற்பவருக்கு அது சௌகரியம்தான். சத்தம் புகாத அறை, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட், 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை இரண்டு காதுக்கும் தனித்தனியாக, ஹெட்போனிலும் காதுக்குப் பின்னால் எலும்பில் வைக்கும் கருவியிலும் சோதனை. இவ்வளவும் இருந்தால்தான் அது சோதனை. இருபது முப்பது நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்தில் முடித்தால் சந்தேகப்படுங்கள். தனியாரில் சில நூறு ரூபாய் ஆகும். பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டுக்கொண்டு போகலாம்.

தொழிலாளிகளுக்கு ஒன்று. சத்தத்தால் வரும் கேட்புத்திறன் இழப்பு, சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாகவே இருக்கிறது. பிளக்கை முதலாளி வாங்கித் தர வேண்டும். கேட்டு வாங்குவது சலுகை இல்லை.

ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து ‘தும் தும்’ என்று கேட்பது, தலைச்சுற்றலோ முகம் கோணுவதோ கூட வருவது, இவற்றுக்குக் கடைச்சரக்கு எதையும் முயன்று பார்க்காதீர்கள். நேற்று நன்றாகக் கேட்ட காது காலையில் எழுந்தால் கேட்கவில்லை என்றால் அது அவசரம். குறும்பியாக இருக்கும் என்று ஒரு வாரம் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தால் ஸ்டீராய்டு கொடுத்து மீட்கிற காலம் கழிந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் அது நன்றாக எடுபடும்.

மற்றபடி சத்தத்தில் வேலை பார்ப்பவர் வருஷத்துக்கு ஒருமுறை சோதனை எடுத்துக்கொள்ளலாம். முந்தின 14 மணி நேரம் மிஷின் பக்கம் போகாமல், திங்கள்கிழமை காலையில் வேலைக்கு முன் போவது உத்தமம். ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அடுத்த வருஷத்து ரிப்போர்ட்டையும் இதையும் பக்கத்தில் வைத்து 2000, 3000, 4000 ஹெர்ட்ஸுக்கு நேரே உள்ள எண்களைப் பாருங்கள். மூன்றின் சராசரி 10 டெசிபல் கூடியிருந்தால், அதாவது காது அவ்வளவு மந்தமாகியிருந்தால், வேறு பிராண்டு தேடிக் கடைக்கு ஓட வேண்டாம். கண்ணாடி முன்னால் நின்று, மடலை இழுத்து, அரை நிமிடம் விரலை வைத்துப் பிடித்து, பிளக் எவ்வளவு உள்ளே போகிறது என்று முதலில் பாருங்கள்.